படங்களைக் காத்த லாங்லுவா

ஒரு கலையைப் படைத்தவர்களின் பெயரை உலகம் எளிதில் மறப்பதில்லை. அந்தப் படைப்பு அழியாமல் காத்துக் கொடுத்தவர்களின் பெயரோ அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. இந்த மறதிக் குற்றத்தைத் தமிழர்களாகிய நாம் முழுவதும் செய்தவர்களல்ல. கரையானும் தீயும் ஆற்று வெள்ளமும் உண்டதுபோக எஞ்சிய ஏடுகளை ஊர் ஊராகத் தேடி மீட்ட மகாமகோபாத்தியாய சாமிநாதையரைத் தமிழ்த் தாத்தா என்றே அழைத்து வருகிறோம். பிரெஞ்சு தேசத்தில் ஏட்டுச் சுவடிகளுக்குப் பதிலாக ஸினிமாச் சுருள்களை அவ்விதம் தேடி மீட்டவர் ஒருவர் இருந்தார். ஹென்ரி லாங்லுவா என்பது அவர் பெயர். 1914-ம் வருஷம் பிறந்து 1977-ம் வருஷம் காலமானவர்.

அவருடைய வாழ்க்கையை இன்று நாம் எடுத்துச் சொல்ல முன்வந்ததற்குக் காரணம் ஸினிமாவின் மீதுள்ள மோகம் மட்டுமல்ல. அந்த வாழ்க்கையில் ஒரு வழக்கு அடங்கியிருக்கிறது. அழிந்துபோக இருந்த பொருளைக் காப்பாற்றியவனுக்கு அப்பொருளின்மேல் என்ன உரிமை? பொதுநன்மைக்கு உழைக்கும் ஒரு ஸ்தாபனத்துக்குச் சர்க்கார் பணம் கொடுத்தால், அந்த ஸ்தாபனத்தின்மேல் அதிகாரமும் சர்க்காரையே சேர்ந்துவிடுமா? 1968-ம் வருஷம் பாரிஸ் நகரத்து வீதியில் இந்தக் கேள்விகளுக்காக மண்டைகள் உடைந்தன.

லாங்லுவா பிறந்தது பிரான்ஸில் அல்ல. அன்று துருக்கி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த ஸ்மிர்னா துறைமுகத்தில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் அவர் பிறந்தார். கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் நடந்த யுத்தத்தின் முடிவில், 1922-ம் வருஷம் செப்டம்பர் மாதம், அந்நகரத்தின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. எட்டு வயது நிரம்பாத சிறுவனோடு குடும்பம் பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. பிறந்த ஊரின் பெரும்பகுதி எரிந்துபோனதை அறிந்த குழந்தை, பிற்காலத்தில் எரியும் பொருள்களையே காவல் காக்கும் தொழிலை மேற்கொண்டதை எண்ணும்போது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

மகன் சட்டம் படிக்க வேண்டுமென்பது தகப்பனாரின் விருப்பம். மகனோ பள்ளிக்கூடத்தைவிடப் படக்கொட்டகையில் அதிகநேரம் இருந்தான். கலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் தேறவில்லை. சட்டத் தொழிலுக்கு நேர்ந்த இந்த நஷ்டத்துக்காக, அத்தொழிலைச் சேர்ந்த நாம் வருந்த வேண்டியதில்லை. பரீட்சையில் தவறிய வாலிபன் ஓர் அச்சகத்தில் வேலைக்கு அமர்ந்தான். அங்கே ஜார்ஜ் பிரான்ஜு என்ற இன்னொரு வாலிபனின் சிநேகம் கிடைத்தது. பிற்காலத்தில் பிரபல டைரக்டரான பிரான்ஜுவுக்கும் அப்போது ஸினிமாவைத் தவிர வேறு நினைவு இல்லை.

இந்த இரு வாலிபர்களும் கண்ட காட்சி என்னவென்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1927-ம் வருஷத்துக்குப் பின் பேசும் படம் வந்தது. சில வருஷங்களுக்குள் மௌனப் படங்களைக் காண்பிப்பார் இல்லை, காண்பாரும் இல்லை. வியாபாரிகளுக்கு அவை இடத்தை அடைக்கும் சுமையாயின. அக்காலத்துப் பிலிம், நைட்ரேட் கலந்த செல்லுலாயிட் பொருளால் ஆனது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. தீப்பற்றினால் நீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் தானே பிசுபிசுத்து, ஒட்டி, கடைசியில் பழுப்புநிறப் பொடியாக உதிர்ந்துபோகும். ஆகவே அதைச் சேமித்து வைப்பது செலவு, ஆபத்து இரண்டும் கூடிய காரியம். ஆனால் அதை உருக்கினால், மேலே பூசியிருந்த மருந்திலிருந்து வெள்ளி கிடைக்கும். மிஞ்சிய செல்லுலாயிட்டுக்கும் விலை உண்டு. கலைப் படைப்புகள் எடைக்குப் போயின.

வழக்கமான ஒப்பந்தங்களும் இந்த அழிவுக்குத் துணை நின்றன. கொட்டகைக்காரர் படத்தை விலைக்கு வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குக் காண்பிக்கும் பாத்தியதையையே பெறுகிறார். காலம் தீர்ந்ததும் பிரதியைத் திருப்பித் தரவேண்டும் அல்லது அழித்துவிட வேண்டும். தம் சொத்தைப் பிறர் திருட்டுத்தனமாகக் காட்டிப் பிழைக்காதபடி முதலாளிகள் செய்துகொண்ட ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடு என்றே சொல்லலாம். அதன் பலனோ விபரீதமாயிற்று. அமெரிக்க காங்கிரஸ் நூல்நிலையம் 2013-ம் வருஷம் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1912 முதல் 1929 வரை அந்நாட்டில் வெளிவந்த 10,919 முழுநீள மௌனப் படங்களில் மூல உருவிலேயே பூரணமாக எஞ்சியவை நூற்றுக்குச் சுமார் 14 மட்டுமே.

இந்த அழிவின் உருவமாகவே பாரிஸில் ஒரு கிழவர் வாழ்ந்தார். ஜார்ஜ் மெலியே என்ற அந்தப் பெரியவர், 1902-ம் வருஷம் சந்திரனுக்கு மனிதர் செல்வதுபோல் படம்பிடித்து உலகத்தையே பிரமிக்கச் செய்தவர். 500-க்கு மேற்பட்ட சிறு படங்களை எடுத்தவர். முதல் உலக யுத்தத்தின்போது அவருடைய படச் சுருள்களில் பல உருக்கப்பட்டு, சிப்பாய்களின் பூட்ஸ் குதிகாலுக்குப் பயன்பட்டன. நொடித்துப்போன மெலியே, 1923-ம் வருஷம் தம்மிடம் எஞ்சியிருந்த மூலச் சுருள்களைத் தம் கையாலேயே தீயிட்டார். பின்னர் மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்துப் பிழைத்தார். அந்திமகாலத்தில் ஓர்லி என்னுமிடத்தில், ஸினிமாத் தொழிலில் ஈடுபட்டிருந்த முதியோருக்கான இல்லத்தில் அவருக்கு இடம் கிடைத்தது.

லாங்லுவாவும் பிரான்ஜுவும் 1935-ம் வருஷம் ஒரு சிறு ஸினிமா சங்கம் கூட்டிப் பழைய மௌனப் படங்களைக் காட்டத் தொடங்கினார்கள். காட்டுவதற்குப் படம் வேண்டும். படம் வேண்டுமானால் அதைக் காக்க வேண்டும். அடுத்த வருஷம், 1936-ல், ஸினிமாப் பத்திரிகை அதிபர் போல் ஒகுஸ்த் ஆர்லே என்பவர் 10,000 பிராங்க் கொடுத்து உதவ, ஜான் மித்ரி என்ற நண்பரும் சேர்ந்துகொள்ள, ‘பிரெஞ்சு ஸினிமாதெக்’ என்ற ஸ்தாபனம் உதயமாயிற்று. நூல்நிலையத்துக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் சொல்லின் சாயலில் அமைந்த பெயர் அது. படநிலையம் என்று நாம் சொல்லலாம். சர்க்கார் இலாகா அல்ல. 1901-ம் வருஷத்துச் சங்கச் சட்டப்படி பதிவான தனியார் சங்கம். லாங்லுவாவுக்கு வயது 21.

ஆரம்பத்தில் கையிலிருந்தவை பத்துப் படங்களளவே. பெற்றோர் வீட்டுக் குளிப்பறைத் தொட்டியில் சுருள்களை அடுக்கி வைத்திருந்தார் என்பது இன்றும் வழங்கும் கதை. சுருள்கள் பெருகவே, ஓர்லி இல்லத்துக்குச் சொந்தமான ஒரு பாழடைந்த கட்டடத்தை அமர்த்தினார்கள். அதன் சாவி கிழவர் மெலியேயிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் படங்களைத் தாமே எரித்தவர், பிறருடைய படங்களுக்கு முதல் காவலரானார். 1938-ம் வருஷம் ஜனவரி மாதம் அவர் காலமானார்.

அதே வருஷத்தில் பாரிஸ், லண்டன், நியூயார்க், பெர்லின் ஆகிய நான்கு நகரங்களின் படநிலையங்களும் ஒன்றுகூடி ஒரு சர்வதேச சம்மேளனத்தை ஏற்படுத்தின. அதை நிறுவ முன்னின்றவர்களில் லாங்லுவாவும் ஒருவர். ஐரோப்பா இரு முகாமாகப் பிரிந்து ஆயுதம் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே மேஜையில் அமர்ந்து படங்களை மாற்றிக்கொள்ளப் பேசியது அதிசயமே. இரண்டு வருஷம் கழித்து ஜெர்மன் சைன்யம் பாரிஸில் புகுந்தபோது அந்தச் சிநேகம் எதிர்பாராத விதத்தில் பயன்பட்டது. பெர்லின் படநிலையத்தின் தலைவர் பிராங்க் ஹென்ஸல் என்பவரே ராணுவ உத்தியோகஸ்தராகப் பாரிஸ் வந்து சேர்ந்தார். லாங்லுவா செய்த பல காரியங்களை அவர் கண்டும் காணாதவராக இருந்தார்.

அக்காரியங்கள் இலேசானவை அல்ல. ஆக்கிரமிப்பாளர் தடைசெய்த அமெரிக்க, ஆங்கில, ரஷ்யப் படங்களை நண்பர்களின் வீட்டு நிலவறைகளிலும் கிராமாந்தரங்களிலும் லாங்லுவா ஒளித்துவைத்தார். குழந்தை வண்டியில் சுருள்களை வைத்துத் தெருவழியே தள்ளிச் சென்றார்கள் என்றும் சொல்வார்கள். இக்காலத்தில் அவருக்குத் துணை நின்றவர்களில் லொத்தே ஐஸ்னர் அம்மையாரைத் தனியே குறிப்பிட வேண்டும். பெர்லினில் பெயர்பெற்ற விமர்சகர். யூத வகுப்பைச் சேர்ந்தவர். 1933-ல் ஹிட்லருக்குத் தப்பிப் பாரிஸ் வந்தவர். 1940-ல் கூர்ஸ் சிறைமுகாமில் அடைபட்டு, அங்கிருந்து தப்பி, பொய்ப்பெயர் பூண்டு தெற்கே மறைந்து வாழ்ந்தார். பிழாக் ஊருக்கருகில் ஒரு பழைய கோட்டையில் லாங்லுவா ஒளித்துவைத்திருந்த சுருள்களைக் குளிரிலும் இருட்டிலும் பிரித்துப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் அவரே. யுத்தம் முடிந்தபின் சுமார் முப்பது வருஷம் படநிலையத்தின் பிரதம பாதுகாவலராக அவர் பணியாற்றினார்.

1948-ம் வருஷம் பாரிஸின் மெஸ்ஸின் வீதியில் ஒரு சிறு மாளிகையில் படநிலையம் தன் கொட்டகையைத் திறந்தது. சுமார் 60 பேர் உட்காரலாம். அங்கே பழைய படமும் புதுப் படமும், ஜப்பானியப் படமும் ஸ்வீடன் தேசத்துப் படமும், மகாகாவியம் போன்றதும் மலிவான சிரிப்புப் படமும் அடுத்தடுத்துத் திரையிடப்பட்டன. லாங்லுவாவின் நிகழ்ச்சி நிரல் வெளிப்பார்வைக்குத் தாறுமாறாகத் தோன்றும். ஆனால் இன்ன படத்தை அடுத்து இன்ன படம் என்று அவர் வைத்ததில் ஒரு போதனை இருந்தது. இரண்டையும் ஒரே மாலையில் பார்த்தவனுக்கு அவற்றின் உறவு தானே விளங்கும். மௌனப் படத்துக்கு வாத்தியம் கிடையாது. அயல்மொழிப் படத்துக்குப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பும் கிடையாது. பேச்சு புரியாதபோது கண் கூர்மையாகப் பார்க்கும் அல்லவா?

முன் வரிசையில் அமர்ந்து அவ்வாறு பார்த்தவர்கள் சில ஏழை வாலிபர்கள். பிரான்ஸ்வா த்ரூபோ, ஜான் லுக் கொதார், ஜாக் ரிவெத், எரிக் ரோமர் முதலியோர். படம் எடுக்கக் கற்றுத்தரும் கலாசாலை எதிலும் அவர்கள் பட்டம் பெற்றதில்லை. லாங்லுவாவின் கொட்டகையே அவர்களுக்குக் கலாசாலையாயிற்று. 1959-ம் வருஷம் தொடங்கி அவர்கள் எடுத்த படங்கள் ‘புதிய அலை’ என்ற பெயரில் உலகெங்கும் ஸினிமாவின் போக்கையே மாற்றின. பழையதைக் காத்ததனால் புதியது பிறந்தது. மறக்கப்பட்டுப்போன நடிகர்களுக்கும் அக்கொட்டகை மறுஜன்மம் அளித்தது. மௌனப் பட காலத்தில் புகழ்பெற்று, பின்னர் அமெரிக்காவில் தனிமையில் காலங்கழித்துவந்த லூயிஸ் புரூக்ஸ் என்ற நடிகையை 1958-ல் பாரிஸுக்கு வரவழைத்துச் சிறப்புச் செய்தவர் லாங்லுவா.

இதுவரை சொன்னதைக்கொண்டு அவரைக் குற்றமற்றவர் என்று வாசகர்கள் தீர்மானித்துவிட வேண்டாம். எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். அக்கட்சியின் தலைவர் லண்டன் படநிலையத்தின் பாதுகாவலர் எர்னெஸ்ட் லிண்ட்கிரன். அவர் கொள்கை இது: ஒரு படத்துக்கு ஒரே பிரதிதான் உண்டு என்றால் அதை இயந்திரத்தில் ஏற்றவே கூடாது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் பிலிம் தேய்கிறது, கீறல் விழுகிறது, அறுந்துபோகலாம், எரியவும் எரியலாம். முதலில் நகல் எடுக்க வேண்டும். நகலையே காட்ட வேண்டும். நகல் எடுக்கப் பணமில்லையேல் பணம் வரும் வரையில் பெட்டியைத் திறக்கலாகாது. இன்று காண்பவனுக்கு மட்டுமல்ல, நூறு வருஷம் கழித்துக் காண இருப்பவனுக்கும் நாம் தருமகர்த்தா.

லாங்லுவாவின் பதில் வேறு. பார்க்கப்படாத படம் இருந்தும் இல்லாததே. பெட்டிக்குள் பூட்டிய படத்துக்காக எந்தச் சர்க்காரும் பணம் ஒதுக்காது, எந்த ஜனங்களும் குரல் கொடுக்க மாட்டார்கள். காட்டினால்தான் அதன் அருமை தெரியும். அருமை தெரிந்தால்தான் அதைக் காப்பார்கள். இன்னொன்றும் அவர் வற்புறுத்தினார். எது நல்ல படம், எது கெட்ட படம் என்று தீர்ப்புச் சொல்வது காப்பவன் வேலையல்ல. அடுத்த தலைமுறை எதைப் போற்றும் என்பது யாருக்கும் தெரியாதாகையால் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். அவர் அப்படியே சேர்த்தார். அவருடைய ஆயுள் முடிவில் படநிலையத்தில் இருந்தவை சுமார் 60,000 என்று சொல்லப்படுகிறது.

சேர்த்தவற்றுக்குச் சரியான ஜாபிதா மட்டும் இல்லை. எந்தச் சுருள் எந்தப் பெட்டியில், எந்தக் கிடங்கில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர் தலைக்குள்தான் இருந்தது. கணக்குக் கேட்டவர்களுக்கு அவர் முகங்கொடுத்துப் பதில் சொல்வதும் அபூர்வம். பிறர்மீது சந்தேகம் அதிகம். இடமும் பணமும் போதாமல் தகரப் பெட்டிகள் தக்க பாதுகாப்பின்றிக் கிடந்தன. 1959-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி, வெயிலில் ஒரு முற்றத்தில் வைத்திருந்த நைட்ரேட் சுருள்கள் தீப்பற்றின. எரிக் வான் ஸ்ட்ரோஹைம் எடுத்த ‘தேனிலவு’ என்ற படத்தின், உலகத்தில் எஞ்சியிருந்ததாகத் தெரிந்த ஒரே பிரதி அதில் சாம்பலாயிற்று. லிண்ட்கிரனின் வாதத்துக்கு இதைவிடப் பலமான சாட்சியம் வேண்டியதில்லை. அடுத்த வருஷம், 1960-ல், தாம் முன்னின்று நிறுவிய சர்வதேச சம்மேளனத்தினின்றும் லாங்லுவா சச்சரவிட்டு வெளியேறினார். குற்றம் முழுவதும் மற்றவர்களுடையது என்று நாம் சொல்லத் துணியோம்.

இதே 1959-ல் பிரான்ஸின் கலாசார மந்திரியாகப் பதவியேற்றவர் பிரபல நாவலாசிரியர் ஆந்த்ரே மால்ரோ. அவர் முதலில் லாங்லுவாவுக்கு உற்ற நண்பராகவே இருந்தார். வில் டே என்ற ஆங்கிலேயர் திரட்டியிருந்த பழைய மாயவிளக்குகளும் காட்சி இயந்திரங்களும் அடங்கிய பெரிய தொகுதியைப் பிரெஞ்சு சர்க்கார் வாங்கிப் படநிலையத்துக்கு அளித்தது. 1963-ல் செயோ அரண்மனையில் ஒரு பெரிய கொட்டகை கிடைத்தது. பணம் வந்தது. பணத்தோடு நிர்வாக சபையில் சர்க்கார் பிரதிநிதிகளும் வந்தார்கள். கணக்கும் ஜாபிதாவும் கேட்டார்கள். கேட்பதற்கு அவர்களுக்குப் பாத்தியதை உண்டு. வரிப்பணத்தைக் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்காமலிருந்தால்தான் குற்றம். ஆனால் கணக்குக் கேட்பது வேறு, ஸ்தாபனத்தைக் கைப்பற்றுவது வேறு.

1968-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி நிர்வாக சபை கூடியது. லாங்லுவாவை நீக்கி, அவருடைய ஸ்தானத்தில் பியேர் பார்பன் என்பவரை நியமிக்கத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. த்ரூபோ முதலிய சில அங்கத்தினர்கள் வாக்களிக்க மறுத்துவிட்டார்கள். எனினும் தீர்மானம் நிறைவேறிற்று. அன்றே பூட்டுகள் மாற்றப்பட்டன. முப்பத்திரண்டு வருஷம் உழைத்தவர் தம் அலுவலகத்துக்குள் நுழைய முடியாதவரானார்.

சட்டப் புஸ்தகத்தை மட்டும் புரட்டிப் பார்த்தால் சர்க்கார் பக்கம் வலுவாகத்தான் இருந்தது. முறைப்படி சபை கூடியது, பெரும்பான்மையினர் வாக்களித்தனர். லாங்லுவா சம்பளம் பெற்ற ஓர் உத்தியோகஸ்தர். படங்கள் அவருக்குச் சொந்தமல்ல. ஆனால் சர்க்காருக்கு ஆலோசனை சொன்னவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறினார்கள். அந்தப் படங்கள் சர்க்காருக்கும் சொந்தமல்ல! அவற்றில் பெரும்பாலானவை, உடைமையாளர்கள் நம்பிக்கையின்பேரில் ஒப்படைத்த அடைக்கலப் பொருள்கள். காட்டும் உரிமை உடைமையாளர் கையிலேயே இருந்தது. அவர்கள் கொடுத்தது ஒரு கட்டடத்தை நம்பியல்ல. ஒரு மனிதனை நம்பி.

இந்த இடத்தில்தான் அடி விழுந்தது. சில தினங்களுக்குள் உலகின் பல மூலைகளிலிருந்து பாரிஸுக்குத் தந்திகள் பறந்து வந்தன. சாப்ளின், ஆர்ஸன் வெல்ஸ், பிரிட்ஸ் லாங், ஹிட்ச்காக், ரொஸெல்லினி, டிரேயர், குரோஸவா முதலிய டைரக்டர்கள் தங்கள் கண்டனத்தைத் தெரிவித்தார்கள். லாங்லுவா இல்லாத படநிலையத்தில் தம் படங்களைக் காட்டக் கூடாதென்று பலர் தடை விதித்தனர். பூட்டை மாற்றியவர்களிடம் கட்டடம் இருந்தது, பெட்டிகளும் இருந்தன, காட்டுவதற்குத்தான் ஒன்றுமில்லை. பிப்ரவரி 14-ந் தேதி செயோ அரண்மனை முன்பு சுமார் 3,000 பேர் திரண்டார்கள். போலீஸார் தடியடி செய்தனர். கொதார், த்ரூபோ முதலியோருக்கும் அடி விழுந்தது. ஜான் ரென்வாரைக் கௌரவத் தலைவராகக்கொண்டு ஒரு பாதுகாப்புக் கமிட்டி அமைந்தது. த்ரூபோ அதன் பொக்கிஷதாரர்களில் ஒருவர். அப்போது அவர் எடுத்துக்கொண்டிருந்த ‘திருட்டு முத்தங்கள்’ என்ற படத்தைப் படநிலையத்துக்கே சமர்ப்பித்து, அதன் முதற்காட்சியில் செயோவின் மூடிய கதவுகளைக் காட்டினார்.

ஏப்ரல் 22-ந் தேதி சங்கத்தின் பொதுக்கூட்டம் கூடி லாங்லுவாவை மறுபடி அமர்த்தியது. சர்க்கார் பணிந்தது. மே மாதத் தொடக்கத்தில் கொட்டகை மீண்டும் திறந்தது. சில தினங்களில் மாணவர் கிளர்ச்சியும் தொழிலாளர் வேலைநிறுத்தமும் பிரான்ஸ் முழுவதையும் குலுக்கின. அந்தப் பெருங்கிளர்ச்சிக்குப் படநிலையத்து வாசலில் நடந்ததே ஒத்திகை என்று பிற்காலத்தில் பலர் எழுதினார்கள். ஒத்திகை என்பது மிகையாக இருக்கலாம். ஆனால் திரண்ட ஜனங்களின்முன் சர்க்கார் பின்வாங்கக்கூடும் என்பதை அந்த வாலிபர்கள் கண்டுகொண்டது அங்கேதான்.

வெற்றிக்கு விலை இருந்தது. சர்க்கார் தன் பணத்தைப் பெருமளவு நிறுத்திக்கொண்டது. படங்களைக் காக்கும் வேலைக்கென்று 1969-ல் புவா தார்ஸி என்னுமிடத்தில் தனியே ஒரு சர்க்கார் காப்பகத்தையும் ஏற்படுத்திற்று. லாங்லுவா தம் ஸ்தாபனத்தை நடத்தப் பணம் தேடிக் கடல்கடந்து மாண்ட்ரீல் நகரத்துக்கு அடிக்கடி பறந்து, அங்கே மாணவர்களுக்குப் பிரசங்கங்கள் செய்தார். தேகம் பருத்து, சுவாசம் முட்டும் நிலையிலும் அந்த அலைச்சல் ஓயவில்லை.

அந்த வறுமையிடையேதான் தம் நெடுநாள் கனவாகிய பொருட்காட்சிசாலையை அவர் உருவாக்கினார். 1972-ம் வருஷம் ஜூன் மாதம் செயோ அரண்மனையில் அது திறக்கப்பட்டது. சுமார் 60 பகுதிகளில் ஸினிமாவின் வரலாறு முழுவதும் பரந்துகிடந்தது. படம் பிறப்பதற்கு முந்திய மாயவிளக்குகள் முதல் நடிகர்களின் உடைகள், காட்சி ஜோடனைகளின் மாதிரிகள் வரை அங்கே கூடின. ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் இயந்திரப் பெண்ணை முதலில் வார்த்த சிற்பியே லாங்லுவாவுக்காக மறுபடி வார்த்துக் கொடுத்திருந்தார். ‘ஸைக்கோ’ படத்தில் வரும் தாயின் வறண்ட தலையை ஹிட்ச்காக் அனுப்பியிருந்தார். பொருள்களின்மேல் பெயர்ச்சீட்டு ஒட்ட லாங்லுவா சம்மதிக்கவில்லை. கனவில் நடப்பவனுக்கு யாரும் சீட்டெழுதி வைப்பதில்லை என்பது போன்ற எண்ணம் அவருக்கு. அவரே கூட நடந்து விளக்கியபோது அது அற்புதமாக இருந்திருக்கும். அவர் இல்லாதபோது பார்ப்பவன் திகைத்துப் போவான். படங்களின் ஜாபிதாவில் இருந்த அதே குணமும் அதே குறையும் இங்கேயும் இருந்தன.

1974-ம் வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்க ஸினிமா அகாடமி அவருக்குக் கௌரவ ஆஸ்கார் பரிசை வழங்கிற்று. படம் எடுப்பவர்களுக்கு உரிய மேடையில் படம் காத்தவர் ஏறி நின்றார். 1977-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி பாரிஸில் மாரடைப்பால் காலமானார். வயது 62. சொத்தென்று சொல்லத்தக்கது எதுவும் விட்டுச் செல்லவில்லை. மோன்பர்னாஸ் மயானத்தில் அவர் கல்லறை இருக்கிறது; மெலியே பொம்மை விற்ற ரயில் நிலையத்துக்கு அது அதிக தூரமல்ல. திரைப்படங்களின் பிரதியைக் கட்டாயமாகச் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டுமென்ற 1943-ம் வருஷத்துப் பிரெஞ்சுச் சட்டத்தை அமலாக்கும் உத்தரவு, அவர் மறைந்த அதே 1977-ல்தான் பிறந்தது. இடைப்பட்ட முப்பத்து நான்கு வருஷமும், சட்டம் காகிதத்தில் உறங்கிய நேரத்தில், அந்த வேலையைச் சட்டம் படிக்காத ஒரு மனிதர் செய்துகொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னும் தீ விடவில்லை. 1980-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் லெ பொன்தெல் கிடங்கில் ஆயிரக்கணக்கான பிரதிகள் எரிந்தன. 1997-ல் செயோ அரண்மனையில் மூண்ட தீயோடு அவருடைய பொருட்காட்சிசாலை மூடப்பட்டது. பொருள்களில் பெரும்பாலானவை தப்பின. 2005-ம் வருஷம் படநிலையம் பெர்ஸி பகுதியிலுள்ள புதிய கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. மெலியேயின் பெயரில் ஒரு பொருட்காட்சிசாலையும் 2021 முதல் அங்கே நடைபெறுகிறது. ஜாபிதா உண்டு, குளிரூட்டிய கிடங்குகள் உண்டு, பெயர்ச்சீட்டும் உண்டு.

லாங்லுவா, லிண்ட்கிரன் வழக்கில் தீர்ப்பு என்ன? இருவர் வாதத்தையும் காலம் ஏற்றுக்கொண்டது என்றே சொல்ல வேண்டும். உலகத்தின் நல்ல படநிலையங்கள் இன்று மூலத்தைக் குளிரில் வைத்துக் காக்கின்றன. நகலை வெளிச்சத்தில் காட்டுகின்றன. லிண்ட்கிரனின் ஒழுங்கு இல்லாவிட்டால் லாங்லுவா சேர்த்ததில் பாதி உதிர்ந்துபோயிருக்கும். ஆனால் ஒழுங்கு வரும் வரையில் காத்திருந்தால் ஒழுங்குபடுத்த ஒன்றும் மிஞ்சியிராது. 1936-ல் பணமில்லை, சட்டமில்லை, இடமில்லை. வியாபாரிகள் பிலிமை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்நேரத்துக்கு வேண்டியிருந்தவர் குமாஸ்தா அல்ல; குளிப்பறைத் தொட்டியையும் காலிசெய்து கொடுக்கத் துணிந்த பித்தரே.

நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விகளுக்கு வருவோம். காத்தவனுக்குப் பொருளின்மேல் சட்டப்படி உரிமை ஒன்றுமில்லை. லாங்லுவாவும் அப்படி ஒன்றைக் கோரவில்லை. அவருக்கு இருந்தது ஒப்படைத்தவர்களின் நம்பிக்கை மட்டுமே. சர்க்காரின் கையிலிருந்த பணமும் போலீஸும் பூட்டும் அதற்கு ஈடாகவில்லை. பொது ஸ்தாபனங்களுக்குப் பணம் கொடுக்கும் சர்க்கார்கள் கணக்குக் கேட்கட்டும், கண்டிப்பாகவே கேட்கட்டும். அந்த ஸ்தாபனங்களை நடத்துகிறவர்களும், லாங்லுவாவின் மறதிக் கணக்கை ஒரு சலுகையாக எண்ணாமல், சரியான ஜாபிதா வைத்துக்கொள்ளட்டும். ஆனால் வாழ்நாளைக் கொடுத்து உழைத்தவரைத் தீர்மானம் ஒன்றினால் வெளியேற்றுமுன், ஸ்தாபனத்தின் உயிர் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை அதிகாரிகள் ஒரு தடவை விசாரித்துக்கொள்வது நலம்.